மூச்சுக்கு வழி

எங்கள் சந்தில் இருபுறமும் தறி ஓடுகிறது. காலையில் மோட்டார் போட்டால் பொழுது சாயும்வரை தடதடவென்று ஒரே ஓட்டம். சுவரில் அடித்த ஆணி நிற்காது. அடுப்பில் வைத்த பாத்திரத்தின் மூடி தானாகத் தாளம் போடும். புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கோ மின்சாரம் நின்று தறி ஓய்ந்தால்தான் திக்கென்றிருக்கும்.

இந்தச் சத்தத்தில் பேச இரண்டே வழி. தொண்டை நரம்பு புடைக்கக் கத்தலாம். இல்லாவிட்டால் வாயை மட்டும் அசைக்கலாம். தறிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் இந்தப் பக்கத்து உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார். நூல் தீரப் போகிறது, இழை அறுந்துவிட்டது, டீ வந்தாயிற்று, உன் மாமியார் வருகிறாள், எல்லாமே அப்படித்தான். அதைப் பேச்சு என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கத்தினால்தான் பேச்சு. உதட்டை அசைப்பது கையைக் காலை ஆட்டுவதோடு சேர்ந்தது.

நான் வண்டிக்காரன். நூல் மூட்டையை ஏற்றி வந்து தறிக்காரர்கள் வீட்டில் இறக்குவேன்; நெய்த துணியை ஏற்றிக்கொண்டு போவேன். என் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டின் முன்கூடத்தில் தறிகள், நடுவில் ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் துவைகல் கிடக்கும் சிறிய முற்றம். இருப்பது மூன்று பேர். தறி ஓட்டுகிறவரை நான் அண்ணன் என்பேன். தறிச் சத்தத்திலேயே அவர் காது போய்விட்டது; பக்கத்தில் பட்டாசு வெடித்தால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். அவருடைய அக்காவைச் சந்தே பெரியக்கா என்று கூப்பிடும். சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. கட்டினவர் போனபிறகு தம்பி வீட்டோடு வந்தவர். கூடத்து மூலையில் உட்கார்ந்து தார் சுற்றுவார். குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னக் குழல்களில் ஏற்றுகிற வேலை அது. விரல்தான் கண். இழை மெலிந்தால்கூட நிறுத்திவிடுவார்.

மூன்றாவது ஆள் அண்ணனின் சம்சாரம். சந்து அவருக்கு வைத்த பெயர் ரேடியோக்கா; எனக்கு வெறும் அக்கா. காலையில் கண்ணைத் திறக்கும்போது வாயும் திறக்கும். வாசல் பெருக்கும்போது சந்துக்குச் செய்தி. சமைக்கும்போது சட்டியோடு சண்டை. தறியில் நின்றால் தறியோடு. காது கேளாத தம்பிக்கும் கண் தெரியாத அக்காவுக்கும் நடுவில் அவர்தான் தபால்காரர். பெரியக்கா சொல்வதை உதட்டால் அண்ணனுக்குச் சொல்வார். தறிச் சத்தத்தில் அண்ணன் கையை ஆட்டிக் காட்டுவதைக் குரலால் பெரியக்காவுக்குச் சொல்வார். சில தபாலை வழியிலேயே மாற்றியும் விடுவார். 'இவ சமையலைச் சாப்பிடறதுக்குப் பட்டினி கிடக்கலாம், உப்புன்னா என்னன்னே தெரியாது' என்று பெரியக்கா சொன்னால், அண்ணனுக்குப் போய்ச் சேர்வது 'உங்க அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேணுமாம்' என்றுதான். இருவருக்கும் இவர் செய்கிற தில்லுமுல்லு தெரியாது. சந்துக்குத் தெரியும்.

நாத்தனாரும் அவரும் சண்டை போடாத நாள் கிடையாது. "வாய் ஓயவே ஓயாதாடி உனக்கு?" என்பார் பெரியக்கா. "ஓஞ்சா நீங்கதான் முதல்ல தேடுவீங்க அண்ணி" என்பார் ரேடியோக்கா. விளையாட்டாகச் சொன்னதுதான். விளையாட்டு வினையாகும் என்று சும்மாவா சொன்னார்கள்.

குளிர்காலத்தில் ரேடியோக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாயை விட்டு மிஷினில் மூச்சு ஓட்டினார்கள். நாள்கணக்கில் அந்தக் குழாய் தொண்டையில் கிடந்தது. பிழைத்ததே பெரிது என்று கூட்டிக்கொண்டு வந்தோம். குரல் கரகரத்தது. ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக எடுக்கவில்லை என்று சந்தில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது உள்ளே இழுத்த மூச்சில் ஒரு விசில் கேட்டது.

அந்த விசில் நாளுக்கு நாள் கூடியது. முதலில் குடம் தூக்கினால் கேட்டது. பிறகு நடந்தாலே கேட்டது. பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கேட்டது. ஒரு மத்தியானம் உதடு நீலம் பாரித்துத் தறியைப் பிடித்தபடி சரிந்துவிட்டார். நூல் மூட்டைகளை இறக்கக்கூட நேரமில்லாமல் அவற்றின் மேலேயே படுக்க வைத்து வண்டியை விரட்டினேன். கழுத்தில் துளை போட்டு ஒரு குழாயைச் சொருகி உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமைசாலி. அண்ணனுக்குக் காது கேட்காது, ரேடியோக்காவால் பேச முடியாது என்பதால் என்னையும் உள்ளே கூப்பிட்டார். தொண்டைக்குள் இரண்டு கதவு மாதிரி இருக்கிறதாம். மூச்சு விடும்போது திறக்கும், பேசும்போது சேரும். மிஷின் குழாய் உரசி உரசிக் கதவின் பின்பக்கம் புண்ணாகி, அது ஆறும்போது தழும்பாகி, இரண்டு கதவும் ஒட்டிக்கொண்டுவிட்டன. திறக்க மாட்டேன் என்கின்றன. நான் உதட்டை அசைத்து இதை அண்ணனுக்குச் சொன்னேன். அவர் தன் குரலின் அளவு தெரியாமல் சத்தமாகச் சொன்னார்.

"கஞ்சி போட்ட பாவு ஒட்டிக்கிட்ட மாதிரி. பிரிச்சு விட்டுடலாம்ல?"

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். ஒட்டிக்கொண்டால் ஈர விரலால் மெதுவாகப் பிரித்துவிடுவார்கள். டாக்டரம்மாவுக்குப் பாவு என்னவென்று தெரிந்திருக்காது. ஆனாலும் தலையாட்டினார். வாய் வழியாகவே போய், லேசர் வைத்துத் தழும்பை வெட்டி விடலாம் என்றார். திரும்ப ஒட்டாமல் மருந்தும் வைப்பாராம். நன்றாக ஆறினால் கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம். குரலும் ஓரளவு நிற்கும். மறுபடி ஒட்டிக்கொண்டால் என்ன என்று நான் கேட்டதற்கு, அதை அப்போது பார்ப்போம் என்றார்.

குழாயோடே இருந்துவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். விரலால் குழாய் வாயை மூடினால் கரகரவென்று பேச்சும் வந்தது. ஆனால் அந்த வீட்டில் அது நடக்காது. தறி ஓடினால் பஞ்சுத் தூசி பறக்கும். சோற்றில் பஞ்சு, தலைமுடியில் பஞ்சு, மூக்குக்குள் பஞ்சு. மூக்கு அதைத் தடுத்து நிறுத்தும். குழாயில் தடுப்பு ஏது? நேராக உள்ளே போய் அடைக்கும். ஒருமுறை குழாய் அடைத்து அக்கா கண் செருகிப்போய், அண்ணன் உள்குழாயை உருவிக் கழுவி மாட்டியதை நானே பார்த்தேன். தறிப்பக்கமே போகக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீடே தறியாக இருக்கும்போது எந்தப் பக்கம் போவது? பின்முற்றத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வெயிலில் கொதித்தது. மழையில் ஒழுகியது. தறியை விற்றுவிடலாம் என்றார் அண்ணன். விற்றுவிட்டு மூன்று பேரும் காற்றைக் குடிப்பதா என்றார் பெரியக்கா. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆபரேஷன் நடந்தது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார், பேசவே கூடாது, உள்ளே புண் ஆறும்வரை ஒரு வார்த்தை கூடாது.

ரேடியோக்கா அதைக் காப்பாற்றினார். சந்தே அசந்துபோனது. பால்காரர் தண்ணீர் கலந்த பாலை ஊற்றிவிட்டுப் போனபோதுகூட ஒரு சத்தம் எழவில்லை. இவ்வளவு வைராக்கியம் இந்த வாய்க்குள் இருந்ததா என்று பேசிக்கொண்டார்கள். அண்ணனுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. வருஷக்கணக்காக அவருக்குச் சம்சாரத்தின் உதடுதான் பேச்சு. முற்றத்துக் கதவருகே நின்று அக்கா வாயை அசைப்பார், கூடத்திலிருந்து அண்ணன் தலையாட்டுவார்.

பெரியக்காவுக்குத்தான் வீடு காலியானது. கண் போனவருக்கு மனிதர்கள் என்றால் குரல்தான். குரல் இல்லாவிட்டால் ஆளே இல்லை. "ஏண்டி இவளே, இருக்கியா?" என்று தார் சுற்றுவதை நிறுத்திக் கேட்பார். டம்ளரைத் தட்டிப் பதில் சொல்லும்படி ஓர் ஏற்பாடு செய்தோம். டம்ளர் ஆமாம், இல்லை என்பதற்கு மேல் என்ன சொல்லிவிடும்? "டம்ளரோட சண்டை போட முடியுமா?" என்று சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

அதனால் சாப்பாட்டு நேரத்தில் தறியை நிறுத்தியதும் ரேடியோக்கா பெரியக்கா அருகில் வந்து உட்காருவார். குழாயை விரலால் மூடிக்கொண்டு, சத்தமே வராமல், வெறும் காற்றில், காதோடு காதாக இரண்டு வார்த்தை சொல்வார். மாத்திரை போட்டீங்களா, தயிர் ஊத்தட்டுமா. பெரியக்கா முகம் மலர்ந்துவிடும். நாளாக ஆக இரண்டு வார்த்தை இருபதாயிற்று, சந்துக் கதையெல்லாம் வந்தது. சண்டையும் நடந்தது, ஒரு பக்கம் கூச்சல், ஒரு பக்கம் குசுகுசு. நான் வாசலில் நின்று பார்த்துச் சிரித்திருக்கிறேன். எங்களில் ஒருவருக்கும் அது பேச்சு என்று படவில்லை. சத்தம் வரவில்லையே.

மறுபடி பார்க்கப் போன நாளில் டாக்டரம்மா மூக்கு வழியாகக் கேமராவை விட்டுத் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் முகம் மட்டும் புரிந்தது. கதவு மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றபடி கேமராவை வெளியே எடுத்தார்.

"பேசினீங்களா?"

ரேடியோக்கா அழுத்தமாகத் தலையை ஆட்டி இல்லை என்றார். நானும் சாட்சி சொன்னேன், ஒரு சத்தம்கூட வரவில்லை, வேண்டுமானால் சந்தில் வந்து கேளுங்கள் என்று. டாக்டர் என்ன கேட்கிறார் என்று அண்ணன் தவிக்கவே, அக்கா அவர் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தார். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"இது பேச்சு இல்லீங்க டாக்டர்" என்றேன் நான். "தறிக்காரங்க எல்லாரும் இப்படித்தான்."

"வீட்லயும் நாள் முழுக்க இப்படித்தானா?"

"அண்ணன்கிட்ட இப்படி. அவங்க நாத்தனாருக்குக் கண்ணு தெரியாதுங்க. அவங்களுக்குக் காதுல மெதுவா, சத்தமில்லாம..."

எனக்கே அப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா கேமராவைக் கீழே வைத்தார். வாயை மட்டும் அசைத்தாலும் உள்ளே கதவு அசையும் என்றார். குசுகுசுவென்று பேசினால் இன்னும் இறுக்கிப் பிடித்து அசையும். பிறகு, எங்கள் மூன்று முகத்தையும் பார்த்துவிட்டோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார்.

"அதனாலதான் இப்படி ஆச்சுன்னும் சொல்ல முடியாது. சிலருக்கு வாயே திறக்கலைன்னாலும் தழும்பு திரும்ப வந்துடும். நான் இன்னும் விவரமா கேட்டிருக்கணும். உங்க வேலை இப்படின்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

யார்மேல் கோபப்படுவது? கோபப்பட ஓர் ஆள் இருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி ஒட்டியதைப் பிரிப்பதில் பலனில்லையாம். இம்முறை ஒட்டியது முன்பைவிடக் கெட்டியாம். ஒரு பக்கத்துக் கதவையே பின்புறம் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டால் வழி திறந்தே கிடக்கும். மூச்சு நன்றாகப் போகும். குழாயை எடுத்துவிடலாம், தறிக்கும் போகலாம்.

"குரல்?" என்று கேட்டேன்.

"காத்து மாதிரி வரும். அமைதியான இடத்துல, பக்கத்துல உட்கார்ந்தா கேக்கும். சத்தத்துல கேக்காது. ஆபரேஷன் வரைக்கும் பேசிக்கட்டும். இனிமே பேசறதால கெடப்போறது ஒண்ணுமில்ல."

ரேடியோக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அண்ணன் அவர் தோளைத் தொட்டார். அக்கா திரும்பி, உதட்டசைத்துச் சொன்னது இவ்வளவுதான்: மூச்சு வருமாம், குழாயை எடுத்துடுவாங்களாம். மீதியை வழக்கம்போல வழியிலேயே எடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது நல்ல மழை. அக்கா பின்னால் சாய்ந்து தூங்கிவிட்டார். முன்னால் என் பக்கத்தில் இருந்த அண்ணன், டாக்டர் வேறு என்ன சொன்னார் என்று கேட்டு என் உதட்டையே பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னேன். கண்ணாடியில் துடைப்பான் போய்ப் போய் வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் காதுக்கு அவ குரல் போயி எவ்வளவோ வருஷமாச்சு. எனக்கென்ன போச்சு?" என்றார். பிறகு, "எங்க அக்காவுக்குத்தான்" என்றார்.

வீட்டில் பெரியக்கா கேட்ட முதல் கேள்வியே, காதுல பேசினதாலயா என்பதுதான். எப்படித்தான் ஊகித்தாரோ. அதனாலதான்னு சொல்ல முடியாதாம் பெரியக்கா என்றேன். "முடியாதுன்னா இல்லைன்னு அர்த்தமா?" என்றார். குழலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். நூல் சிக்கியது. பிரித்தார். மறுபடி சிக்கியது. நான் பார்க்க அவர் கையில் நூல் சிக்கியது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு ரேடியோக்கா பக்கத்தில் வந்தாலே பெரியக்கா இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொள்வார். "வேணாம், என்கிட்ட வராத, பேசாத" என்பார். டாக்டரே பேசலாம் என்று சொல்லிவிட்டார் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் கத்திப் பார்த்தார். கேட்டால்தானே. "நான் கேட்டு வாங்கினதுதான் போதும்" என்றார். பேச்சுக்கு மிச்சமிருந்தது சில நாள். அந்தக் குரலுக்காக ஏங்குகிற ஒரே ஆளும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோக்கா முற்றத்துத் தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்து துவைகல்லையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மூச்சு குழாயில் சீறுவது கூடத்துச் சத்தம் ஓயும்போதெல்லாம் கேட்கும். பெரியக்கா அந்தத் திசைக்கே முகத்தைத் திருப்பி வைத்திருப்பார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் மின்சாரம் போய்த் தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. துணி ஏற்ற வந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ரேடியோக்கா குழாயில் பஞ்சு போகாமல் ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றியபடி கூடத்துக்குள் வந்தார். பெரியக்காவின் எதிரில் உட்கார்ந்து, காதைப் பொத்தியிருந்த கைகள் இரண்டையும் பிடித்துக் கீழே இறக்கினார். பெரியக்கா திமிறினார். அக்கா விடவில்லை. ஒரு கையால் இரண்டு கையையும் அழுத்திக்கொண்டு, மற்றொரு கை விரலால் குழாயை மூடினார்.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?"

கரகரப்பான குரல்தான். ஆனால் குரல். பெரியக்காவின் முகம் கோணியது.

"இத்தனை வருஷம் வாய் ஓயாமப் பேசினியே. கடைசியில கேக்க இதுதானா கிடைச்சுது உனக்கு? ரெண்டு வார்த்தை திட்டித் தொலையேண்டி."

"உப்பு சரியா இருந்துச்சா?"

பெரியக்கா திமிறுவதை நிறுத்தினார்.

"சரியாத்தாண்டி இருந்துச்சு" என்றார். "எப்பவுமே சரியாத்தான் இருந்துச்சு."

ரேடியோக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மின்சாரம் வந்துவிட்டது. தறிக்குப் பின்னால் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அண்ணன், இதெல்லாம் தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டார். கூடம் அதிர்ந்தது. அக்கா தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தார், விரல் குழாயிலேயே இருந்தது. பெரியக்கா அவர் வாயருகே காதைக் கொண்டு போனார். என்ன கேட்டதோ, எவ்வளவு கேட்டதோ. கொஞ்ச நேரத்தில் பஞ்சு பறக்க ஆரம்பித்து, அக்காவுக்கு இருமல் வந்து, எழுந்து முற்றத்துக்கு ஓடும்படி ஆயிற்று.

இரண்டாவது ஆபரேஷன் டாக்டரம்மா சொன்னபடியே நடந்தது. குழாயை எடுத்தார்கள். கழுத்துத் துளை மெல்ல மூடிக்கொண்டது. குடம் தூக்கினாலும் விசில் இல்லை, படியேறினாலும் விசில் இல்லை. சந்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். செத்துப் பிழைத்தவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மறுபடி தறியில் நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

ஆனால் ஒன்றை நாங்கள் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. முன்பு குரல் இல்லாவிட்டாலும் மூச்சாவது கேட்டது. தறி ஓயும்போது கேட்கிற அந்தச் சீறலை வைத்து, சமையல்கட்டில் இருக்கிறாள், முற்றத்தில் இருக்கிறாள் என்று பெரியக்கா தெரிந்துகொண்டிருந்தார். இப்போது வழி நன்றாகத் திறந்துவிட்டது. நல்ல மூச்சுக்குச் சத்தம் கிடையாது. நோய் போனதோடு ஆளும் போய்விட்டாள் அவருக்கு. பக்கத்தில் போகும்போதெல்லாம் அக்கா அவர் தோளைத் தொட்டுவிட்டுத்தான் போவார். தொட்டுக்கொண்டே எத்தனை நேரம் நிற்க முடியும்? தறி சும்மா விடுமா?

போன வாரம் நூல் இறக்கப் போயிருந்தேன். ஒரு தறியில் பாவு கொத்தாக அறுந்திருந்தது. அது இரண்டு ஆள் வேலை. பின்னால் நின்று ஒருவர் அறுந்த இழைகளை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். முன்னால் ஒருவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். பின்னால் அக்கா, முன்னால் அண்ணன். மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

மூலையில் பெரியக்கா குழலைக் கீழே வைத்தார். காற்றில் கையை நீட்டிப் பார்த்தார்.

"ஏண்டி இவளே, இருக்கியா?"

ரேடியோக்கா நிமிர்ந்தார். மூக்குத் துணி கீழே இறங்கியிருந்தது. இருக்கேன் என்று உதடு அசைந்தது. காற்றும் வந்திருக்கும். தறி அதைத் தின்றுவிட்டது. கையை விட்டால் இழை அத்தனையும் கலைந்துபோகும். அண்ணன் நிமிர்ந்து அவர் உதட்டைப் பார்த்திருந்தால் கத்திச் சொல்லியிருப்பார். அவர் இழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கியாடி?"

இருக்கேன் அண்ணி, இருக்கேன், இங்கதான் இருக்கேன். அந்த வாய் அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

"பெரியக்கா, இங்கதான் இருக்காங்க. பின்னால இழை பிடிச்சிட்டு இருக்காங்க."

பெரியக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"உன்னைக் கேக்கல தம்பி" என்றார். "அவளைக் கேட்டேன்."

மறுபடி அந்தப் பக்கமே திரும்பி, கையை நீட்டியபடி காத்திருந்தார்.